அசலும் கொப்பியும்

"தங்கச்சி, இந்த ரெண்டு டிஸ்க்குல எது அசல், எது கொப்பி?"

கிறகரி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். ருஷ்தா கோபிக்கவில்லை. கம்பியூட்டர் வேலைக்கு ஒரு பெண் வந்து நின்றால் கண்டியில் ஆட்கள் நாலு தடவை கேட்கத்தான் செய்வார்கள். வேலை முடிந்ததும் அதே ஆட்கள்தான் பக்கத்து வீட்டுக்கும் அவளுடைய நம்பரைக் கொடுப்பார்கள். இரண்டுமே அவளுக்குப் பழகிப்போயிருந்தன.

"அசல், கொப்பின்னு ஒண்டும் இல்ல சேர். ரெண்டு டிஸ்க்கும் ஒரே அளவு, மெஷின் ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும். ரெண்டுமே அசல்தான்."

கிறகரி மனைவியைப் பார்த்தார். மார்கிரட் டீச்சர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது.

காலையிலேயே கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி, மஹய்யாவையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் ருஷ்தா. விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பிறையன், பதினொரு வயது, இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து நாலு வயது வரைக்கும் எடுத்த படங்கள் முழுக்கப் பழைய கம்பியூட்டரோடு செத்துப்போய்விட்டன. ஞானஸ்நானம், முதல் பிறந்தநாள், முதல் நடை, ஒன்றும் மிச்சமில்லை. மீதி ஏழு வருஷப் படங்கள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அதுவும் ஒரு கிழமையாக டிக் டிக்கென்று சத்தம் போடுகிறதாம். அதுவும் போனால் பிள்ளையின் சின்ன வயசு அவ்வளவும் போச்சு.

"பயப்படாதீங்க, அது போறதுக்கு முந்தி நான் எடுத்துருவன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பையைத் திறந்தாள். சொன்னால் செய்வாள்.

அவர்கள் வாங்கி வைத்திருந்த புது மெஷினில் இரண்டு புது டிஸ்க்கையும் மாட்டியதும் இன்ஸ்டோல் தொடங்கியது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று திரை கேட்டது. அவசரக்காரர்கள் இந்த இடத்தில் முதலாவதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ருஷ்தா நிதானமாக இரண்டு டிஸ்க்கையும் தெரிவுசெய்து ஒரே சோடியாகச் சேர்த்தாள். இனி எந்தப் படத்தைப் போட்டாலும் இரண்டிலும் விழும், ஒன்று செத்தாலும் மற்றது அப்படியே நிற்கும் என்று விளக்கினாள். கணவனும் மனைவியும் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரிக் கேட்டார்கள்.

"ஒண்ணு மட்டும் தனியா இருந்தா மெஷின் எழும்புமா?" என்றார் மார்கிரட்.

அடேயப்பா, என்ன கேள்வி! ருஷ்தாவுக்கு டீச்சரைப் பிடித்துவிட்டது. இந்தத் தொழிலில் பெரிய பெரிய ஆட்களே கோட்டை விடுகிற இடம் அதுதான். படங்களை இரண்டிலும் வைப்பார்கள். மெஷினை எழுப்புகிற பகுதியை மட்டும் முதல் டிஸ்க்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதலாவது செத்த அன்றைக்கு இரண்டாவது திருதிருவென்று முழிக்கும். ருஷ்தா அதையும் இரண்டிலும் போட்டாள்.

படங்களை மாற்ற இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பழைய டிஸ்க் முனகிக்கொண்டே கடைசிப் படம் வரைக்கும் கொடுத்துவிட்டது. பிறகு அவள் மெஷினை நிறுத்தி, ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மெஷினைத் திரும்ப ஓன் பண்ணினாள். எழும்பியது. திரையில், சர்ச்சில் முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை போட்ட பிறையன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கழற்றியதைத் திரும்பச் சேர்த்து, இரண்டும் சமமாகும் வரைக்கும் பொறுத்திருந்து, மற்றதைக் கழற்றினாள். அப்போதும் எழும்பியது, அதே பையன், அதே பல்லு. மார்கிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. கிறகரி எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ருஷ்தா எத்தனையோ வீடுகளில் வேலை செய்தவள். புருஷன் ஒன்று சொன்னால் பெண்சாதி ஒன்று சொல்வாள், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது இவள்தான். அவளுடைய உம்மாவும் வாப்பாவுமே டீவி ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கிறவர்கள். இங்கே காலையிலிருந்து ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. கட்டினால் இப்படி ஒருவரைக் கட்ட வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

"உங்களப் போல ஒத்துமையான சோடிய நான் கண்டதில்ல டீச்சர்" என்று வாய்விட்டே சொன்னாள்.

மார்கிரட் சிரித்தார். கிறகரி உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். உள்ளே இன்னொரு மெஷின். இதே மொடல், புத்தம் புதுசு, டிஸ்க் மட்டும் இல்லை. இது யாருக்கு என்று கேட்டாள் ருஷ்தா.

"எனக்குத்தான். ஒரு டிஸ்க்கக் கழட்டி இதுல மாட்டிக் குடுங்க தங்கச்சி" என்றார் மார்கிரட். "சனிக்கிழம நானும் பிறையனும் பதுளைக்குப் போறோம், இவரு இங்கதான் இருப்பாரு. வீடு, சாமான் எல்லாத்தையும் கோர்ட்டுல பிரிச்சாச்சு, புள்ளையோட படத்த மட்டும் ரெண்டு பேருமே விட்டுக்குடுக்க மாட்டேன்னுட்டோம்."