மைக்காக நின்றவள்

ஹெட்போன் வாங்க வந்த ஜெசிந்தா அதைத் தன் காதில் மாட்டிப் பார்க்கவில்லை. கடைக்காரர் நைனாரின் காதில் மாட்டினாள். படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்துவைத்துப் பாடிப் பதிவு செய்கிறவள் அவள். பழைய ஹெட்போனிலிருந்து கசிந்த தாளம் மைக்கில் ஏறி, நான்கு பாட்டுகளைக் கெடுத்துவிட்டது.

"எனக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்க வரலண்ணே. மைக்குக்குக் கேக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க அசையாம நில்லுங்க. இப்ப நான்தான் மைக்."

தான் பாடிய பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காதை வைத்தாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நைனாரும் சிரித்தார்.

"வேணாம். ஒழுகுது."

"எட்டாயிரம் ரூவா சாமான்மா அது!"

"எட்டாயிரத்துக்கும் ஒழுகுதே."

அடுத்த மூன்றும் ஒழுகின. ஐந்தாவது, அடித்தட்டில் தூசி படிந்து கிடந்தது. பெயர் தெரியாத கம்பெனி, விலை ஆயிரத்து எண்ணூறு. மாட்டிவிட்டுக் காதை வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. வயர் சரியாகத்தான் செருகியிருந்தது. கைப்பேசியில் பாட்டு பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். நைனார் இப்போது சிரிக்கவில்லை. அவர் கண்கள் நிறைந்திருந்தன. யாரோ "அண்ணே, சார்ஜர் இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டும் அவர் திரும்பவில்லை.

"இதுதான்" என்ற ஜெசிந்தா, பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கழற்றக் கை நீட்டினாள்.

அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டார்.