இரும்புப் பந்து

சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போகும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுவது ஒரே ஒரு சரக்கு வண்டிதான். ஆனாலும் பாதை காலி என்பதற்கு அடையாளமான இரும்புப் பந்து கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது என்பது பாதை போட்ட காலத்திலிருந்து வரும் சட்டம். ஓட்டுநர் சவரிமுத்து ஒருநாளும் அதை மீறியதில்லை. இன்று அந்தப் பந்து, அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் பிலோமியின் துப்பட்டா முடிச்சில் இருந்தது.

“ஏட்டி, வெளாடாத. குடு.”

“மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க.”

“என் கண்ணுக்கு என்ன கேடு?”

“நேத்து கேட்ல காட்டுன செவப்புக் கொடி தெரிஞ்சுதா? மாடசாமி மாமா கத்தலன்னா என்னப்பா ஆயிருக்கும்?”

இஞ்சினிலிருந்து உதவியாளர் மாடசாமி எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, எதுக்க வர வேற வண்டியா இருக்கு? பந்து கெடக்கட்டும், ஏறுங்க.”

“பந்து இல்லாம நான் என்னைக்குல வண்டி எடுத்தேன்?”

அப்பா இதுவரை பிலோமியை அடித்ததில்லை, இன்று அடிக்கலாம். முடிச்சை அவிழ்த்து, பந்தை அவர் காலடிச் சரளைக்கற்களின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

“கீழ வச்சுட்டேன். பாத்து எடுத்துக்கங்க.”

சவரிமுத்து குனிந்தார். உச்சி வெயிலில் பந்து பளபளத்தது. அவர் கை ஒரு கல்லைத் தொட்டது. பிறகு இன்னொரு கல்லை. மாடசாமி பதறி இறங்கப் போனார். பிலோமி வேண்டாமென்று தலையசைத்தாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. எங்கே இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்லவில்லை.