ஜாபெஸ் திருடிய பன்றி

"இந்த வருஷமும் வெறுங்கையோடதான் வந்திருக்கியா, ஆர்லீன்?"

கேட்டவள் நாத்தனார் அகதா லாங்கம். முதல் குடியேறிகள் வாரிசுச் சங்கத்தின் தலைவி. அவள் தலைக்கு மேலே சுவரில் மூதாதை எலியாஸ் லாங்கம் தொங்கினார். யாரோ பிற்காலத்தில் கற்பனையாக வரைந்த படம். உதட்டுச் சுழிப்பு மட்டும் அகதாவுடையது.

"வெறுங்கைதான் அண்ணி," என்றாள் ஆர்லீன். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு விண்ணப்பதாரர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

1640-க்கு முன்பு கடல் கடந்து வந்து இந்தக் கரையில் இறங்கியவரின் வாரிசு என்று நிரூபித்தால்தான் சங்கத்தில் இடம். ஆர்லீனின் மூதாதை ஜாபெஸ் கிரேன். அவரிலிருந்து அவள்வரை பதினோரு தலைமுறைக்கும் காகிதம் சரி. ஜாபெஸ் 1640-க்கு முன்பே இங்கே இருந்தார் என்பதற்குத்தான் ஆதாரம் நிற்கவில்லை.

முதல் வருடம் தேவாலயப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். "இது வேற ஜாபெஸ்," என்றாள் அகதா. போன வருடம் நிலப் பத்திரம். "இவன் இன்னொரு ஜாபெஸ்," என்றாள். ஓர் உறுப்பினர் மறுத்தால் போதும், ஆதாரம் செல்லாது. மூன்றாவது முறையும் தோற்றுப்போனால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும். இது மூன்றாவது முறை.

ஆர்லீனுக்குச் சங்கத்தின் பதக்கமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். அவள் கணவன், அகதாவின் தம்பி ஹோலிஸ், மேட்டுக் கல்லறையில் இருக்கிறான். அது சங்கத்தின் நிலம். வாரிசுகளுக்கு மட்டும்தான் இடம். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குக் கிடையாது. அவனுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம். அதை அகதா தனக்கென்று கேட்டிருந்தாள்.

"எனக்கு அவன் ரத்தம். உனக்கு வெறும் புருஷன்தானே," என்று அடக்கத்தன்றே சொல்லிவிட்டாள்.

பதிவாளர் ஏமஸ் கிரீலி டையில் விழுந்திருந்த டோனட் தூளைத் தட்டிவிட்டார். "புது ஆதாரம் ஒண்ணும் இல்லேன்னா நான் கோப்பை மூடணும்மா. மனசு கேக்கல. ஆனா விதி."

"இருங்க ஏமஸ்!" அகதா எழுந்தாள். "மூடறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இவ வம்சத்தோட லட்சணம் என்னன்னு."

ஒரு நீளமான உறையைத் தூக்கிக் காட்டினாள். அனுப்பியவர் பெயர் இல்லை. மூலையில் கலங்கரை விளக்கம் போட்ட தபால்தலை, தலைகீழாக ஒட்டியிருந்தது.

"நீதிமன்ற ஏட்டோட நகல். அரசு முத்திரை இருக்கு. கேளுங்க. 1639, ஜூன். ஜாபெஸ் கிரேன் என்பவன் எலியாஸ் லாங்கமுடைய பன்றியைத் திருடித் தின்றதற்காக ரெண்டு மணி நேரம் ஊர் நடுவில் தொழுமரக் கட்டையில் கால் மாட்டப்பட்டான்!" அவள் மேஜையைத் தட்டினாள். "எங்க பன்னிங்க அது! எங்க எலியாஸோட பன்னி!"

பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது.

"ஐயோ அண்ணி," என்றாள் ஆர்லீன். "அது எங்க ஜாபெஸா இருக்காது. வேற யாராவது ஜாபெஸா இருக்கும். எங்க ஆளு அப்படிப்பட்டவர் இல்ல."

"அவனேதான்!"

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா? நீங்கதானே ரெண்டு வருஷமா சொல்றீங்க?"

"பக்கத்து நிலத்துக்காரன்னு போட்டிருக்குடி! எலியாஸுக்குப் பக்கத்து நிலம் உன் ஜாபெஸோடதுன்னு நீயே போன வருஷம் பத்திரம் கொண்டுவந்து காட்டல?"

ஏமஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலை வாங்கினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். தேதியை இரண்டு முறை படித்தார்.

"அகதா மேடம், இது இவங்க மூதாதைதான்னு நீங்க உறுதியாச் சொல்றீங்களா?"

"சத்தியம் பண்ணுவேன்."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"கொண்டாங்க!" பறித்து, காகிதம் கிழியும்படி அழுத்திப் போட்டாள். "திருடன் வம்சத்துக்கு இந்தச் சங்கத்துல இடமா?"

"திருடக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லியே மேடம்," என்றார் ஏமஸ். "1640-க்கு முன்னாடி இங்க இருந்திருக்கணும், அவ்வளவுதான். இருந்திருக்கார். அதுவும் கால் மாட்டி, நகர முடியாம இருந்திருக்கார். இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைச்சதே இல்ல."

"எங்க தாத்தனும் அப்படித்தான்," என்றாள் பின்வரிசை வினிஃப்ரெட். "பிரசங்கத்துல குறட்டை விட்டதுக்குச் சவுக்கடி. அந்தத் தீர்ப்பை வச்சுத்தான் நான் உள்ள வந்தேன்."

"நல்லவங்க பேரை யாரு எழுதி வச்சாங்க?" ஏமஸ் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். "வாழ்த்துக்கள்மா. மேட்டுல ஹோலிஸுக்குப் பக்கத்து இடத்தை உங்க பேருல எழுதிடறேன். மனைவியும் உறுப்பினரா இருந்தா அவங்களுக்குத்தான் முதல் உரிமை."

அகதா உறையை மறுபடி கையில் எடுத்தாள். சுவரில் எலியாஸ் இரண்டாவது முறையாகப் பன்றியைப் பறிகொடுத்தவர் போலிருந்தார்.

"யாரு இதை எனக்கு அனுப்பினது?" உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "எந்தப் பாவி?"

"யாரோ உங்க மேல அக்கறை இருக்கறவங்க அண்ணி," என்றாள் ஆர்லீன்.

"இங்க ஒரு கையெழுத்து," என்று ஏமஸ் உறுப்பினர் ஏட்டை நீட்டினார்.

பேனாவுக்காகக் கைப்பையைத் திறந்தாள் ஆர்லீன். மேலாகக் கிடந்த தபால்தலை அட்டையை விரலால் அடியில் தள்ளினாள். இருபது கலங்கரை விளக்கங்கள். ஒன்று மட்டும் உரிக்கப்பட்டிருந்தது.