கழுத்துப்பட்டி

எங்கள் சாயப்பட்டறையில் எல்லோருக்கும் கழுத்துப்பட்டி கொடுத்தார்கள். நாங்கள் எப்படிப் பேசினாலும், பட்டி அதைப் பணிவான பேச்சாக மாற்றி மேனேஜரின் காதுக்கு அனுப்பும். அவர் காதை அடைத்திருந்த கருவியில் வேறெந்தச் சத்தமும் நுழையாது. "இனிமே பயமில்லாமப் பேசுங்க" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

எத்தனையோ வருஷம் வாய் திறக்காத நான் அன்றைக்குத்தான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். சாயம் கொதிக்கும் தொட்டியின் பக்கவாட்டு மூடி ஆடிக்கொண்டிருந்தது. அதனடியில் வெள்ளத்தாய் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"சார், மூடி தாங்காது. மெஷினை நிறுத்துங்க. அவ வெந்து போயிருவா!"

அவர் சிரித்தார். "ரொம்ப நன்றிக்கா. உங்க அக்கறையை மேல சொல்லிடுறேன்."

ஓடிப்போய் வெள்ளத்தாயை இழுத்தேன்.

"அடியேய், நீயா பேசுன? இன்னிக்கு மழைதான்" என்று சிரித்தாள். "சார் சொல்லாம நகர்ந்தா நாளைக்கு வேல இல்லடி. விடு."

பட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு அவரிடம் திரும்பினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"பட்டியப் போட்டுட்டுப் பேசுங்கக்கா. ஒண்ணுமே கேக்கல."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நடந்தார். நான் குனிந்து பட்டியைத் தேடும்போது மூடி விலகி, கொதித்த சாயம் கொட்டியது. வெள்ளத்தாய் அலறினாள். அவள் கழுத்தில் பட்டி இருந்தது.

அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். "பரவால்லக்கா, மெதுவாவே செய்யுங்க."