ஷிம்லாவை முந்தியவன்

ஆறாம் ஆண்டிலிருந்து வகுப்பில் ஷிம்லா முதலாவது, அஃப்ராஸ் இரண்டாவது. சண்டை பிடித்துப் பிடித்தே காதலும் முற்றியது. நல்ல சரக்கை அடுத்தவன் விலை பேசுமுன் வாக்கு வாங்கிவிட வேண்டும் என்பது அவனுக்கு வியாபாரி வீட்டுப் புத்தி. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய லீவிலேயே உம்மாவை அனுப்பிச் சம்பந்தம் பேசி முடித்தான். அன்றிலிருந்து நிக்காஹ் வரை இருவரும் கதைக்கக்கூடாதென்று கட்டளை. பரீட்சையும் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம்.

முடிவு வந்தது. பள்ளிக்கூடத்தில் அஃப்ராஸ் முதலாவது! கனமூலை ஊரிலிருந்த அவள் வீட்டுக்குப் பறந்தான்.

"எங்க மாமா ஒங்கட ராங்கிக்காரி? தோத்ததும் ஒளிச்சிட்டாவா?"

"தனிய ஓடி முதலாவது வந்தவருக்கு வாயப் பாரு!" திரைக்குப் பின்னாலிருந்து ஷிம்லாவின் குரல்.

"தனியவா?"

"அவ சோதினைக்குப் போகல்ல மருமகன்," என்றார் அவள் வாப்பா இஸ்ஸதீன், பெருமையாக. "ஒங்கட உம்மா கேட்டு வந்த அண்டைக்கே நிப்பாட்டிட்டேன். டொக்டராகப் போற மாப்புள கெடச்ச பொறகு புள்ளைக்கு என்னத்துக்குப் படிப்பு?"

அஃப்ராஸ் திரையைப் பார்த்தான். திரை அசையவில்லை.

"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போட?" என்று கேட்டாள் ஷிம்லா. "இனி அதத்தானே நான் பாடமாக்கணும்."