சாப்பாட்டு நேரம்

"இது ஆஸ்பத்திரியா, இல்ல அந்தம்மா வீட்டு அடுப்படியா?"

டிக்கெட் பரிசோதகர் மேஜையில் ஓங்கி அடித்தார். நிர்வாக அதிகாரியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் அவர். இருபது வருஷ சர்வீஸ். சாக்குப்போக்கு என்றாலே பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல், காலை எட்டு மணியிலிருந்து அதிகாரியின் அறை வாசலிலேயே காத்துக் கிடந்தார்.

"பொறுமையா சொல்லுங்க சார்."

"என்ன பொறுமை? ஒன்பது வயசுப் பொண்ணு சார். பொறந்ததிலேருந்தே தொட்ட இடமெல்லாம் தோல் உரிஞ்சு வருது. முதுகு பூரா ரணம். வாய்க்குள்ளகூடப் புண்ணு. நான் மசிச்சு ஊட்டினாத்தான் ரெண்டு வாய் இறங்கும். அவ தோல்லேயே தபால்தலை அளவு எடுத்து, கோளாறைச் சரிபண்ணி, லேப்ல வளர்த்து முதுகுல ஒட்டுறோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"மூணு வாரமாச்சு! எவ்வளவு வளந்திருக்குன்னு கேட்டா, லேப் அம்மாவுக்கு நின்னு பதில் சொல்ல நேரமில்ல. வாட்சைப் பாக்குறாங்க. 'குழந்தைங்களுக்குச் சாப்பாடு போடணும் சார்'னு ஓடுறாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை!"

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள் படுத்திருக்கும் வார்டிலிருந்து. துண்டித்தார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. ஏதாவது மருந்துச் சீட்டாக இருக்கும், கிடக்கட்டும்.

"அவங்க பெத்தது பசி தாங்காது. நான் பெத்தது மட்டும் வலி தாங்கணுமா?"

நான்கு பக்கப் புகாரை நீட்டினார். 'பொறுப்பின்மை' என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

அதிகாரி படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"குழந்தைங்கன்னா சொன்னாங்க?"

"என் காதால கேட்டேன்."

"அவங்களுக்குக் குழந்தையே கிடையாதே சார்."

"பாத்தீங்களா, பொய் வேற!" பரிசோதகருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்நேரம் வீட்ல நிம்மதியா தூங்கிட்டிருப்பாங்க!"

"வாங்க" என்று எழுந்தார் அதிகாரி.

லேப் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே, தலை முதல் கால் வரை உறை மாட்டிக்கொண்டு அந்தம்மா உட்கார்ந்திருந்தார். தட்டையான கிண்ணங்களிலிருந்து பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக இளஞ்சிவப்புத் திரவத்தை மெல்ல விட்டார். முகமூடி அசைந்தது. கிண்ணத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"தோல் செல்லுக்குச் சத்துத் தண்ணி மாத்துறாங்க. லேப்ல இதைச் சாப்பாடு போடுறதுன்னுதான் சொல்லுவாங்க. நேரம் தவறினா செத்துப்போயிடும். மூணு வாரமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவங்க லீவு எடுக்கல" என்றார் அதிகாரி.

ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் ஒட்டியிருந்த சீட்டில் பரிசோதகரின் மகள் பெயர்.

புகார்த்தாள் அவர் கையில் கசங்கியது. கோபம் இன்னும் இறங்கவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கதவு திறந்தது. அந்தம்மா கையுறையைக் கழற்றியபடியே வெளியே வந்தார். பரிசோதகரைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் சிவந்தது.

"அம்மா, நான் தப்பா..."

"நீங்க இங்கயா இருக்கீங்க? போனை ஏன் சார் எடுக்கல? நர்ஸ் உங்களைத் தேடி இங்க வரைக்கும் வந்துட்டுப் போறாங்க. அப்பா ஊட்டினாத்தான்னு உங்க பொண்ணு காலையிலேருந்து வாயே திறக்கலையாம்."

அவர் கை தானாகப் போனைத் தடவியது.

"இந்தக் குழந்தைங்களுக்கு நான் நேரத்துக்குப் போட்டுட்டேன். அந்தக் குழந்தைக்கு நீங்க இன்னும் ஊட்டல, மணி ரெண்டாகுது சார்!"