பீர் நாயுடு சொல்ல வேண்டிய வார்த்தை

முதலில் கெடுதல் செய்தது லட்சுமிநாராயண நாயுடுதான். நஞ்சுண்டனுக்கு அதில் பதினோரு வருஷமாகச் சந்தேகமே வந்ததில்லை.

இருந்தும் ஆர்.எஸ்.புரத்தில் நாயுடுவின் பங்களா கேட்டைத் தாண்டியதும் அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நீ இந்த ஜன்னலோரமா நின்னுக்கோ அம்மணி," என்றார் தம்பி மனைவி பழனாத்தாளிடம். "அவன் சொல்றத உன்ர காதாலயே கேளு."

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிவு தெரியோணும்னு தொண்டாமுத்தூர் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சொல்லிப்போட்டாங்க மாமா. குடிச்சுப்போட்டுச் செத்தவன் மகள எடுக்க மாட்டாங்களாம். இவரு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ர புள்ளைக்குக் கல்யாணம்."

"சொல்ல வெக்கறேன்."

நாயுடுவின் பங்காளிகள் எல்லாம் பஞ்சு மில் வைத்தார்கள். அவர் மட்டும், மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு வந்த சமயம், ஊருக்கு மூட்டை கட்டிய வெள்ளைக்காரன் ஒருவனிடம் பெங்களூரில் பீர் ஃபாக்டரியை வாங்கினார். பணம் கொட்டியது. கோயமுத்தூரில் அவருக்குப் பீர் நாயுடு என்று பேர். சொந்தக்காரர்கள் அவரிடம் கார் இரவல் வாங்குவார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஃபாக்டரியில்தான் நஞ்சுண்டனும் தம்பி மாசாணமும் தொட்டி கழுவினார்கள். பீர் புளிக்கிற தொட்டி, கிணறு மாதிரி பத்தடி ஆழம். ஒரு நாள் கழுவ இறங்கிய மாசாணத்தைப் பிணமாகத் தூக்கினார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் நாயுடு சொன்னது ஒரே வரி.

"குடிச்சிருந்தான், உள்ள விழுந்துட்டான்."

மாசாணம் கள் வாசனை வந்தாலே தெரு மாறிப் போகிறவன்.

நாயுடு சாய்வு நாற்காலியில் இருந்தார். "வா நஞ்சுண்டா. எளச்சுப் போயிட்டியே."

நஞ்சுண்டன் பழைய வழக்கம்போலக் கை கட்டி நின்றார். ஆனால் வெளியே பழனாத்தாள் நிற்கிறாள். உரக்கவே பேசினார்.

"எந்தம்பி குடிக்கறவன் இல்லீங்க மொதலாளி. அத நீங்க வந்து மாப்பிள்ளை ஊட்டுல சொல்லோணும்."

"அந்த ஜன்னலைச் சாத்திட்டு வந்து பேசு."

"தெறந்தே இருக்கட்டுங்க. ஒளிக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க."

நாயுடு நாற்காலியில் நிமிர்ந்தார். "அன்னிக்கு லாந்தர் எறக்கிப் பார்த்தது யாரு?"

தொட்டிக்குள் ஆள் போகுமுன் எரிகிற லாந்தரைக் கயிற்றில் கட்டி அடி வரைக்கும் இறக்குவார்கள். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. யாரும் இறங்கக் கூடாது.

"நானேதானுங்க எறக்கினேன். அணையவே இல்லீங்க. அதுக்கப்புறந்தான் அவன எறங்கச் சொன்னேன்."

"அதுக்கு ரெண்டு நாள் முந்தி, தீபாவளிக்குன்னு ஊருக்குத் தகரப்பெட்டி ஒண்ணு அனுப்பினே. அதைக் கட்டறதுக்குக் கயிறு எங்க எடுத்தே?"

 லாந்தர்க் கயிற்றின் நுனியைப் பேனாக்கத்தியால் அறுத்தது நஞ்சுண்டன் கைக்கு ஞாபகம் வந்தது. ரெண்டு முழம் இருக்கும்.

நஞ்சுண்டன் தானே போய் ஜன்னலைச் சாத்தினார்.

நாயுடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கயிறு கொறஞ்சதால லாந்தர் அடிக்குப் போகல. அந்தக் காத்து கனமானது, தரையோட கெடக்கும். குனிஞ்சு தேச்சவன் அப்படியே சாஞ்சுட்டான். நீ தம்பியக் கட்டிப் புடிச்சு அழுதுட்டிருந்தே. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள நான் கயித்த அளந்து பார்த்துட்டு பாய்லர்ல போட்டேன்."

"மொதலாளி..."

"நெசத்தச் சொல்லியிருந்தா நீ ஜெயிலுக்குப் போயிருப்பே. ரெண்டு ஊட்டுக்கும் சோறு போட ஆளில்ல. அதனால பழியச் செத்தவன் மேல போட்டேன். ஃபாக்டரியும் மூடாமத் தப்பிச்சுது, இல்லேங்கல."

நஞ்சுண்டன் கை கூப்பினார். "குடிக்கலேன்னு மட்டும் சொன்னாப் போதுங்க. மத்தது எதுக்குங்க?"

"அப்ப எப்படிச் செத்தான்னு கேப்பாங்க. வெளிய நிக்கறாளே, அவதான் மொதல்ல கேப்பா. ஒரு பொய் சொல்லிட்டேன் நஞ்சுண்டா. அதுக்கு மேல இன்னொண்ணு சொல்ல எனக்குத் தெம்பில்ல." நாயுடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நெசத்தச் சொல்லோணும்னா இப்பவே கார் எடுக்கச் சொல்றேன். தொண்டாமுத்தூருக்கே வந்து சொல்றேன். வரட்டுமா?"

 நஞ்சுண்டன் பின்பக்கமாகவே நடந்து கதவைத் தொட்டார்.

"வேண்டாமுங்க."

வெளியே பழனாத்தாள் ஓடி வந்தாள். "ஜன்னலை ஏன் மாமா சாத்துனீங்க? ஏதோ பெட்டின்னு கேட்டாரே, என்ன பெட்டிங்க?"

"பேச்ச மாத்தறான் அவன்."

"வாரேன்னு சொன்னாருங்களா, இல்லீங்களா?"

நாயுடு பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.  அந்த ஆள் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

நாயுடு வாயைத் திறக்கவில்லை.

"மாட்டேனுட்டான்," என்றார் நஞ்சுண்டன். "அந்த வார்த்தை நமக்கு வரவேண்டியது அம்மணி. சாகற மட்டும் நான் விடமாட்டேன்."

பழனாத்தாள் அழவில்லை. குனிந்து ஒரு கை மண்ணை வாரி, "இந்த ஊடு வெளங்காமப் போகோணும்" என்று வாசற்படியைப் பார்த்துத் தூற்றினாள்.

நாயுடு மேல்துண்டில் விழுந்த மண்ணைத் தட்டாமல் நின்றார்.

நஞ்சுண்டனும் குனிந்து ஒரு கை வாரினார்.